அத்தியாயம் 9: அடிபட்ட அலாய் வீல் – பெண்டு எடுப்பதா, புதிதாக மாற்றுவதா?

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகிற சாலையில், காலை ஷிஃப்ட் நேரத்தில் கார் ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி, பின்னால் ஒரு கம்பெனி பஸ் என்பது அன்றாடக் காட்சி. டிப்பர் மறைப்பதால் பள்ளம் தெரியாது. தெரிந்தபிறகு பிரேக் அடிக்கலாம் என்றால் பின்னால் வரும் பஸ் விடாது. வட்டாரத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி ஓடும் டிப்பர்கள் போதாதென்று, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் கன்டெய்னர் டிரெய்லர்களும் இந்தத் தார்ச் சாலைகளைத்தான் நம்பியிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் நிரம்பிவிட்டால் அது நாலு விரல் ஆழமா, ஒரு சாண் ஆழமா என்று எந்த ஓட்டுநராலும் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலத்தையே பெயர்த்துப் போட்ட ஊர் இது. சாலைப் பள்ளம் எம்மாத்திரம்.

‘டம்’மென்று ஒரு சத்தம். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் அலாய் வீலின் வெளிமுகத்தில் ஒரு சின்னக் கீறல்தான் இருக்கும். அப்பாடா என்று பெருமூச்சு விட்டு வண்டியை எடுக்கிறார்கள் பலர். அங்கேதான் சிக்கல். அலாய் வீலில் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிற சேதம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆபத்தான சேதம் காருக்கு அடியில், பிரேக் பக்கம் திரும்பியிருக்கிற உள்வளையத்தில், டயருக்குள் மறைந்து கிடக்கும். ரிப்பேரா, புதுசா என்ற கேள்விக்கு விடை சேதத்தின் அளவைவிட அதன் இடத்தைப் பொறுத்தது.

அலாய் ஏன் சீக்கிரம் அடிபடுகிறது

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண்ணை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்டின் அடிப்படை மாடலில் 165/80 ஆர்14 டயர், இரும்பு ரிம். 165 மில்லிமீட்டர் அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 132 மில்லிமீட்டர். அதே ஸ்விஃப்டின் அலாய் மாடலில் 185/65 ஆர்15. பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். பலேனோவின் உயர் மாடலில் 195/55 ஆர்16. பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர்தான். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கிற ரப்பரும் காற்றும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைந்துவிடுகின்றன. காற்று நாலைந்து பவுண்டு குறைவாகவும் இருந்தால் டயர் நசுங்கி, ரிம் நேராகவே கல்லில் போய் மோதும்.

இன்னொரு பாதி, உலோகம். பெரும்பாலான கார்களின் அலாய் வீல் ஏ356 எனப்படும் அலுமினியக் கலவையில் வார்க்கப்படுகிறது. அதில் சிலிக்கான் சுமார் 7 சதவீதம், மக்னீசியம் கொஞ்சம். வார்த்ததும் வேலை முடிவதில்லை. ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடேற்றி, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, மறுபடியும் 150, 160 டிகிரி அளவில் பல மணி நேரம் பக்குவப்படுத்துவார்கள். டி6 என்று இந்தப் பக்குவத்துக்குப் பெயர். வீலுக்கு உறுதி வருவது இதனால்தான். இரும்பு ரிம் அடிபட்டால் நெளியும். பித்தளைக் குடத்தில் ஒடுக்கு எடுக்கிற மாதிரி தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பு அலுமினியம் அவ்வளவு வளைந்து கொடுக்காது. ஓரளவு வளையும், அதற்குமேல் விரிசல் விடும். ஃபோர்ஜிங் முறையில் செய்த அலாய் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் நடுத்தரக் குடும்பத்துக் கார்களில் அது அபூர்வம்.

பள்ளத்தில் இறங்கும் அந்த நொடியில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போவது சேதத்தைக் கூட்டுகிறது. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்ந்து, ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடியை வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் விளிம்பைத் தொடுவதற்குள் பிரேக்கை விட்டுவிடுவதுதான் ஓட்டுநரின் கையில் இருக்கிற வழி.

டயரைக் கழற்றாமல் முடிவில்லை

அடி விழுந்த இடத்திலேயே முதலில் பார்க்க வேண்டியது டயரை. பக்கச்சுவரில் எலுமிச்சையளவு புடைப்பு தெரிந்தால் உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த டயருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டெப்னி போட்டுக்கொண்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். அலாய் கார்களிலும் ஸ்டெப்னி பெரும்பாலும் இரும்பு ரிம்தான். சிலவற்றில் அளவும் சிறியது, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று அதிலேயே ஒட்டியிருக்கும். 2020 அக்டோபர் முதல் டயர் காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதி தளர்ந்தது. அப்படி ஸ்டெப்னி இல்லாத கார் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பஞ்சர் கிட்டில் உள்ள பசை ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும், வளைந்த ரிம் வழியே போகிற காற்றை அது நிறுத்தாது.

டயர் நன்றாக இருந்து, ஆனால் இரண்டு நாளைக்கொரு முறை காற்று இறங்கினால், அல்லது 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கம் வந்தால் ரிம்மைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம், சீட்டு அதிர்ந்தால் பின்சக்கரம் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. சோப்புத் தண்ணீரை ரிம்மின் இரு விளிம்பிலும் தடவினால் குமிழி எழும் இடம் கசிவைக் காட்டிக் கொடுக்கும். உள்பக்க விளிம்பில் தடவ மறக்கிறவர்கள்தான் அதிகம். சேதம் அதிகம் நடப்பது அங்கேதான். வெளிவிளிம்புக்கு ஆரக்கால்கள், அதாவது ஸ்போக்குகள், முட்டுக் கொடுக்கின்றன. உள்வளையமோ தாங்குவாரின்றி நீண்டு நிற்கிறது. ஆகவே ஒரே பள்ளத்தில் வெளிப்பக்கம் கீறலோடு தப்பிக்க, உள்பக்கம் மடிந்துவிடும்.

நடுக்கம் வந்ததும் எல்லோரும் செய்வது வீல் பாலன்சிங். இதில் ஒரு மாயம் இருக்கிறது. வளைந்த ரிம்மிலும் தேவையான இடங்களில் எடைகளை ஒட்டினால் மெஷின் திரையில் பூஜ்யம் வந்துவிடும். ‘பாலன்ஸ் ஓகே’ என்று அனுப்பிவிடுவார்கள். எடை சமமாகிவிட்டது, வட்டம் சரியாகவில்லை. சாலையில் ஏறினால் ஆட்டம் அப்படியே இருக்கும். கட்டி கட்டியாக எடை ஒட்ட வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்தி, வீலைச் சுழலவிட்டு ரிம்மின் ஓரத்தை ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும். வளைவு இருந்தால் ஓரம் மேலும் கீழும், அல்லது இடமும் வலமும் அலையும். நல்ல கடைகளில் இதை டயல் கேஜ் வைத்து அளப்பார்கள். மேல்–கீழ், பக்கவாட்டு என இரண்டு அளவும் கேட்டு எழுதிக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை. அனுமதிக்கும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்றாலும் புதிய அலாயில் அது பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் கீழேதான். அந்தந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே கடைசித் தீர்ப்பு.

எந்த இடத்தில் அடி

பார்க்கிங்கில் நடைமேடையில் உரசிய கீறல், பெயின்ட் உரிந்த திட்டு, சிப்பு போன இடம் ஆகியவை அழகுப் பிரச்சினைகள். தேய்த்து, நிரப்பி, பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ செய்தால் தீர்ந்தது. இதற்காகப் புது வீல் வாங்குவது வீண் செலவு. ‘டைமண்ட் கட்’ என்று விற்கப்படும் பளபள முகத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதைப் புதுப்பிக்க லேத்தில் போட்டு மேலுலோகத்தை மெல்லியதாகச் சீவுகிறார்கள். ஒன்றிரண்டு தடவை தாங்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் சீவிக்கொண்டிருக்க முடியாது. அடிக்கடி உரசுகிறவர்கள் அந்த முகத்தை முழு பெயின்ட்டுக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

உள்வளையத்திலோ வெளிவிளிம்பிலோ ஒரே இடத்தில் சிறு மடிப்பு, விரிசல் இல்லை என்றால், பெண்டு எடுக்கலாம். ஆனால் ‘விரிசல் இல்லை’ என்பதை டயரைக் கழற்றி, ரிம்மைக் கழுவித் துடைத்த பிறகே சொல்ல முடியும். பிரேக் தூசும் சேறும் மயிரிழை விரிசலை அழகாக மறைக்கும். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து வரும். டை பெனட்ரன்ட் சோதனை என்பது இதுதான். கிட் கடைகளில் கிடைக்கிறது, செலவும் அதிகமில்லை. பெண்டு எடுப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை செய்யச் சொல்ல வேண்டும். பின்னால் செய்வது முக்கியம். நிமிர்த்தும்போதே புது விரிசல் விடுவதுண்டு.

ஸ்போக்கில், நட்டு போடும் துளைகளைச் சுற்றி, நடு ஹப்பில் விரிசல் என்றால் பேச்சே வேண்டாம், மாற்ற வேண்டும். அதே இடத்தில் இரண்டாம் முறை வளைந்திருந்தாலும், இரண்டு மூன்று இடங்களில் மடிந்து வட்டமே முட்டையாகிவிட்டாலும் மாற்றுவதுதான் சரி. நிமிர்த்த நிமிர்த்த உலோகம் களைத்துப்போகும்.

நெருப்பு எங்கே வரம்பு மீறுகிறது

பெண்டு எடுக்கும் பட்டறையில் பார்க்க வேண்டிய வேலை இது. ரிம்மை மெஷினில் பூட்டி, ஹைட்ராலிக் ஜாக்கி மடிப்பின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தும். இடையிடையே சுழற்றிப் பார்ப்பார்கள். வளைந்த இடம் இறுகிக் கிடந்தால் கேஸ் விளக்கால் சூடு காட்டுவார்கள். இரும்பில் பழகிய கைக்கு இங்கே ஒரு ஆபத்து உண்டு. இரும்பு செக்கச் சிவந்து தன் சூட்டைச் சொல்லிவிடும். அலுமினியம் சிவப்பதில்லை. ஏ356 சுமார் 555 டிகிரியில் உருகத் தொடங்கும். அதுவரை நிறத்தில் பெரிய மாற்றம் இருக்காது. தொழிற்சாலையில் 160 டிகிரியில் பக்குவப்படுத்திய உலோகத்தை அதற்கு வெகுவாக மேலே சூடேற்றினால் அந்த இடத்தில் டி6 உறுதி தளர்ந்துவிடும். பார்வைக்கு வட்டம் வந்துவிடும்; அடுத்த பள்ளத்தில் முதலில் மடிவது அதே இடம். சூடு அளக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பட்டறைக்காரரைக் கேட்பது தப்பில்லை. சூட்டைக் காட்டும் மெழுகுக் குச்சி இருந்தால் நல்லது. லேசர் புள்ளி வைக்கிற துப்பாக்கி வகைத் தெர்மாமீட்டர் மினுக்கும் அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை மட்டும் நம்பிச் சுடுகிற பட்டறை கொஞ்சம் யோசிக்க வைக்கும். விளக்கைக் கையில் எடுத்ததும் சம்மட்டியையும் எடுக்கிற இடத்தில் வீலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அடுத்தது ஆர்கான் வெல்டிங். உள்வளைய விரிசலுக்கு ‘ஒட்டு’ போட்டுத் தருகிறோம் என்று தாராளமாகச் சொல்வார்கள். ஒட்டு பிடிக்கும், காற்றும் நிற்கும். ஆனால் வெல்டிங் பட்ட பகுதியில் டி6 பக்குவம் போய்விடுகிறது. முழு வீலையும் திரும்பச் சூளையில் வைத்துப் பக்குவப்படுத்துகிற வசதி தெருவோரப் பட்டறைக்கு ஏது? ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற கார் நிறுவனங்கள் வெல்டிங், வளைவு நிமிர்த்தல், உலோகம் சேர்த்தல் எதையும் ஏற்பதில்லை. பெயின்ட் அளவிலான புதுப்பித்தலை மட்டுமே அனுமதிக்கின்றன. ஜெர்மனியிலும் இதே கண்டிப்புதான். அந்த நாட்டு அளவுகோலை வைத்து வாலாஜாபாத்தில் வாழ முடியாது என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை; சின்ன மடிப்பை நிதானமாக நிமிர்த்திக்கொண்டு நம் ஊரில் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடுகின்றன. ஆனால் வெல்டிங் விஷயத்தில் அந்தக் கண்டிப்பு சரியென்றே இந்நூல் கருதுகிறது. வெளிவிளிம்பில் சிதைந்த ஒரு சிறு மூலையை நிரப்புவது வேறு, காற்றழுத்தத்தையும் காரின் எடையையும் தாங்கும் வளையத்தில் ஓடிய விரிசலை ஒட்டுவது வேறு.

மாற்றுவது என்று முடிவானால்

வீலின் உள்முகத்தில் வார்த்திருக்கும் எழுத்துகளைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். விட்டம், அகலம், நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் வட்டமும், ஈ.டி. என்று குறிக்கப்படும் ஆஃப்செட், நடுத் துளையின் அளவு. ஸ்விஃப்டுக்கு 4 துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 5 துளை, 114.3 மில்லிமீட்டர். துளை பொருந்தினால் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் ஆஃப்செட் மாறினால் டயர் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும், அல்லது வெளியே துருத்தி பேரிங்கைத் தின்னும். நடுத் துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போட வேண்டும்.

கம்பெனி அலாயின் விலையைக் கேட்டு மயங்கி, சென்னை ஜி.பி. ரோடு பக்கம் போகிறவர்கள் உண்டு. அங்கே புதுச் செட்டுகள் வாங்கலாம், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 16192 என்ற தர எண்ணும் வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிம்களுக்கு இந்தத் தரத்தைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2020-இல் பிறப்பித்தது. புதுப்பேட்டையில் ஒற்றை வீல், அதே டிசைனில், பழையது கிடைக்கும். ஒரே ஒரு வீல் போனவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் புதுப் பெயின்ட் மின்னுகிற பழைய வீல் வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். உள்வளையத்தில் பெயின்ட்டுக்கு அடியில் ஒட்டுத் தழும்பு கைக்குத் தட்டுப்படும். பாலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றிக் காட்டாமல் பணம் கொடுக்கக் கூடாது.

இரும்பு ரிம்மிலிருந்து அலாய்க்கு மாறினால் நட்டும் மாறலாம். நட்டின் உட்காரும் முகம் கூம்பா, உருண்டையா என்பது ரிம்மோடு பொருந்த வேண்டும். வேறு அளவு அலாயோ கம்பெனி தராத அலாயோ போட்டவர்கள் அதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லி பாலிசியில் ஏற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிளெய்ம் நேரத்தில் அதற்குக் காசு வராது.

இன்ஷூரன்ஸ் கேட்கலாமா

சாதாரண விரிவான பாலிசியில், பள்ளத்தில் டயர் மட்டும் போனால் பணம் கிடையாது. காரின் வேறு பாகமும் அதே விபத்தில் சேதமாகியிருந்தால் டயருக்குப் பாதி கிடைக்கும். ரிம் உலோகப் பாகக் கணக்கில் வரும். உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள்: முதல் ஆறு மாதம் இல்லை, ஒரு வருடம் வரை 5 சதவீதம், இரண்டு வருடம் வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்குமேல் 50. அதோடு கட்டாயக் கழிவு, 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

ஒரு பேச்சுக்கு, மூன்றரை வயதான சிறு காரில் 9,000 ரூபாய் வீல் ஒன்று போய்விட்டது என்று வைப்போம். 25 சதவீதம் தேய்மானம் போனால் 6,750. ஆயிரம் கழிந்தால் 5,750 கைக்கு வரும். லாபம்தானே? இந்த உரிமையாளர் இதுவரை கிளெய்ம் கேட்டதில்லை என்றால் அடுத்த புதுப்பித்தலில் அவருக்கு 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ் காத்திருந்தது. கேட்டுவிட்டால் அது பூஜ்யம். சேதப் பகுதிக்கான பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் முதல் வருடமே 3,600 ரூபாய் கூடுதல். அதற்கடுத்த வருடம் 50 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 20 தான் வரும். பிரீமியம் ஏறத்தாழ அதே அளவில் இருந்தால் இன்னும் 2,400 போகும். இரண்டே வருடத்தில் 6,000. வாங்கிய 5,750-ஐ விட அதிகம். ஒற்றை வீலுக்கு, போனஸ் சேர்ந்திருக்கிற பாலிசியில், கிளெய்ம் கேட்பது பெரும்பாலும் கைநஷ்டம். இரண்டு வீல், இரண்டு டயர், கூடவே லோயர் ஆர்மும் போயிருந்தால் கணக்கு தலைகீழாகும். டயர், ரிம் பாதுகாப்புக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்தவர்கள் அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். சிலவற்றில் அந்தக் கிளெய்ம் போனஸைத் தொடாது. எதுவானாலும் சேதத்தைப் படம் எடுத்து, தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே பட்டறைக்குப் போக வேண்டும். பெண்டு எடுத்துவிட்டு வந்து கேட்டால் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.

மாட்டிய பிறகு

வாலாஜாபாத்தில் பஞ்சர் கடைகளுக்குக் குறைவில்லை. மெஷினில் பெண்டு எடுக்கும் பட்டறை வேண்டுமென்றால் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போய் விசாரிக்க வேண்டியிருக்கலாம். எங்கே போனாலும் நட்டை ஏர் கன்னால் முறுக்கியடித்து அனுப்பும் பழக்கம் ஒன்றுதான். சிறு கார்களுக்கு முறுக்கு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சரியான எண் கார் கையேட்டில் இருக்கிறது. டார்க் ரெஞ்சால், எதிரெதிர் நட்டாக முறுக்கச் சொல்ல வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும். புது பெயின்ட் அமுங்கி நட்டு தளர்வதுண்டு. பெண்டு எடுத்த வீலை முதல் சில வாரங்களுக்குப் பின்சக்கரத்தில் ஓட்டிக் காற்று இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

கழற்றிய பழைய வீலை என்ன செய்வது? கிளெய்ம் என்றால் சேதப் பாகம் இன்ஷூரன்ஸ் கணக்கில் போய்விடும். சொந்தச் செலவு என்றால் காயலான் கடையில் அலுமினியம் எடைக்கு நல்ல விலைதான். விரிசல் விட்ட ரிம்மை மட்டும் முழுசாகக் கொடுக்காமல், கட்டிங் மெஷினில் வளையத்தைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அது ஒட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து, வேறொருவரின் காரில் ஏறிவிடும்.